அந்தக் காலைக் கழுவ மாட்டேன்

புடவைக் கரையை இரண்டு முறை அலசிவிட்டேன், மஞ்சள் தண்ணீர் வாசம் போகவில்லை. இன்று பள்ளியில் பாத பூஜை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வுக்கு முன்னால் பெற்றவர்களை வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்து, தாம்பாளத்தில் கால் கழுவி, பொட்டு வைத்து, விழுந்து கும்பிட வேண்டும். உனக்குத் தெரியாததா? இதை வைத்துத்தானே உன் நீதிபோதனை வகுப்பைப் பிடுங்கினார்கள். நீ போன பிறகு அந்த வகுப்பு என் தலையில் விழுந்தது. இன்றைக்கு மைக்கும் என் கையில்தான்.

"பிள்ளைங்க அழணும் டீச்சர். போன வருஷம் சத்தமே வரல" என்று தலைமையாசிரியர் ஒரு தாளை நீட்டினார். பத்து மாதம் சுமந்தவள், தோளில் தூக்கியவர் என்று எழுதி, எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்று கோடு வேறு போட்டிருந்தார். அழுகையை அளந்து பார்க்கிற நீதிபோதனை!

உன் வகுப்பு இப்படியா இருந்தது? நோன்பு பிடிக்கிற பிள்ளை, தவக்காலத்தில் கறி தொடாத பிள்ளை, பௌர்ணமிக்கு மலை சுற்றிவிட்டு வந்து பெஞ்சில் தூங்கி வழியும் பிள்ளை, எல்லாரையும் தட்டி எழுப்பி, "உங்க வீட்ல எதைச் செய்யக் கூடாதுன்னு சொல்றாங்க? ஏன்னு கேட்டீங்களா?" என்பாய். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் உன் வகுப்பின் இரைச்சல் சைக்கிள் ஷெட் வரை கேட்கும். நான் கிண்டல் செய்தால் உனக்குப் பதில் தயாராக இருக்கும். "கும்பிடச் சொல்லிக் குடுக்க வீடு இருக்குடி. கேக்கச் சொல்லிக் குடுக்கத்தான் நான்."

கேட்டாள் ஒருத்தி. மூன்று வருடத்துக்கு முன்னால், பாத பூஜைக்கு முந்தின நாள், வகுப்பு முடிந்ததும் உன் பின்னாலேயே வந்தாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். "அந்தக் கால்லதான் மிஸ் எங்கப்பா எங்கம்மாவ ஒதைச்சாரு. அத எப்படி மிஸ் கழுவுவேன்? அம்மா காலை வேணும்னா நூறு தடவ கழுவுறேன்."

மறுநாள் நீ அவள் கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே கூட்டி வந்தாய். அவள் அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கத்தினார். கீழ்பென்னாத்தூர் பக்கம் வேன் ஓட்டுகிறவர், நல்ல தொண்டை. தலைமையாசிரியர் ஓடி வந்தார். "மாசம் தவறாம கிரிவலம் போற மனுஷன் டீச்சர் அவரு. மாதா பிதா குரு தெய்வம், உங்க பாடமே அதுதானே?"

"மலையைச் சுத்தட்டும் சார். வீட்ல காலை அடக்கி வெக்கட்டும்" என்றாய். அவ்வளவு கோபத்தில் உன்னை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே உன் வகுப்பை நிறுத்தி, அந்த பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மனு எழுது, நானும் வருகிறேன், வேங்கிக்காலில் கல்வி அலுவலகத்தில் நேரில் கொடுப்போம் என்று குதித்தேன். "விடுடி. அவ பரீட்சை எழுதட்டும்" என்றாய். அதற்கு மேல் உன் வாயைக் கிளறமுடியவில்லை. சமூக அறிவியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்தாய். போன ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோனது. இரங்கல் கூட்டத்தில் இதே தலைமையாசிரியர் உன் படத்துக்கு மாலை போட்டு, "கோபம் என்றால் என்னவென்றே அறியாதவர்" என்றார். உன் நினைவாக நீதிபோதனை வகுப்பு மறுபடி தொடங்கும் என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். உன் படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடலாமா என்றிருந்தது எனக்கு.

இன்று அதே நாற்காலியில் அதே வேன்காரர். எதிரே அவருடைய சின்ன மகள், கையில் சொம்போடு. எல்லாரும் குனிந்துவிட்டார்கள், அவள் குனியவில்லை. "குனிடி" என்று அவர் பல்லைக் கடித்தது எனக்கே கேட்டது. நான் தாளை மடித்து வைத்தேன். "கழுவ மனசு இல்லாதவங்க சொம்பைக் கீழ வெச்சிட்டு எழுந்து வரலாம். ஏன்னு யாரும் கேக்க மாட்டோம்" என்று மைக்கில் சொன்னேன்.

அவள் வைத்தாள். அவளோடு இன்னும் சிலரும் எழுந்து வந்தார்கள். யார் யார் என்று பார்த்தேன். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் அவர்கள். இத்தனை வருடமாக இந்த மாதிரிப் பிள்ளைகளையும் குனியவைத்து, அழுகிறார்கள், நெகிழ்ந்துவிட்டார்கள் என்று பூரித்திருக்கிறோம்.

பிறகு தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "உங்க தோழிக்காவது புத்தி இருந்துச்சு டீச்சர். பெரியவளோட ஹால் டிக்கெட்டக் காட்டி ஒரு வார்த்தைதான் சொன்னேன். வகுப்ப விட்டுக் குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டாங்க. சின்னவளோடதும் என் கிட்டதான் இருக்கு, யோசிங்க."

அடிப்பாவி! ஏன் என்னிடம் சொல்லவில்லை? எல்லாப் பிள்ளைகளையும் ஏன் என்று கேட்கச் சொன்னவள், உன்னை ஒருவன் மிரட்டியபோது ஏன் தனியாக விழுங்கினாய்? நீ மூடிய வாயைக் காட்டித்தான் இன்று என் வாயை மூடப் பார்க்கிறான். அவள் பரீட்சை எழுதிவிட்டாள், நர்சிங் படிக்கிறாள், எல்லாம் சரி. தங்கைக்கு என்ன வழி செய்துவிட்டுப் போனாய்?

"இதையே திங்கக்கிழமை வேங்கிக்கால்ல போய்ச் சொல்லப் போறேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சாயங்காலம் பெரியவளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "எனக்காகவா மிஸ்?" என்று அழுதவள், போனை அம்மாவிடம் கொடுத்தாள்.

உன் பொறுமையை ஊர் புகழட்டும், எனக்கு அது வேண்டாம். உன் கோபம் என்னிடம் இருக்கிறது, ஆறவிடமாட்டேன்.

"நாங்களும் வரோம் மிஸ்" என்றாள் அந்த அம்மா. "நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னுதான் இவ்ளோ நாளா வாங்கிக்கிட்டு இருந்தேன்."

அவள், இரண்டு மகள்கள், நான். இப்போது நாங்களே நாலு பேர்.