டிரையர் பார்க்கப் போனதாகச் சொன்ன பயணம்

20 பிப்., வெள்ளி. ஜெய்சல்மர்

காலையில் நடுக்கும் குளிர், பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். ஜீப்பில் பாலைவனத்துக்கு. பள்ளிக்கூடச் சிநேகிதன் செந்தில், அவன் மச்சான், நான்.

எடுத்துக்கொண்டது: தண்ணீர், தொப்பி, முறுக்கு, தலைவலி மாத்திரை.

வழியில் பாழடைந்த ஊர் ஒன்று. கூரை போய்ச் சுவர் மட்டும். மதியம் மரத்தடியில் ரொட்டி, பூண்டுச் சட்னி. அரை மணி நேரம் தூக்கம். பகலில் தூங்கி எத்தனை வருஷமாயிற்று.

வீட்டில் சாந்தாமணியிடம் சொன்னது வேறு: அகமதாபாத்தில் கொப்பரை உலர்த்தும் டிரையர் பார்க்கப் போகிறேன். களத்தில் கொப்பரை காயும்போது, மழை வந்தால் மூட, எங்களில் ஒருவராவது இருந்தாக வேண்டும். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், சேர்ந்து வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. நான் மட்டும் ஊர் சுற்றப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

டிரையர் என்றதும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்லதாப் பாருங்க. அது வந்துட்டா நாம ரெண்டு பேரும் எங்கயாச்சும் போயிட்டு வரலாமுங்க." அப்போதாவது சொல்லியிருக்கலாம். இப்போது மழை வராது, தார்ப்பாயை எடுத்து வைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மானங்கெட்ட ஜென்மம்.

சாயங்காலம் ஒட்டகம். அது எழுந்தபோது சேணத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். செந்தில் போட்டோ எடுத்துத் தள்ளினான்.

கூடாரத்தருகில் டீ. அவள் போன்.

"ஏனுங்க, வேலையா இருக்கீங்களா?"

"ஆமா, மெஷின்காரரோட பேசிட்டிருக்கேன்."



"சரிங்க. பாருங்க. சும்மாதானுங்க கூப்பிட்டேன்."

பின்னால் ஏதோ இரைச்சல். வடை சுடுகிறாள் என்று நினைத்தேன்.

21, சனி

நல்ல தூக்கம். விடிந்ததும் மணலில் வெறுங்காலோடு நடை. வரிவரியாக மணல், அதில் ஒரு வண்டு போன தடம்.

பக்கத்துத் தோட்டத்துப் பழனியண்ணன் போன். "நேத்து பொழுதோட இங்க சரியான மழைங்க. ஆளுங்கெல்லாம் ஊட்டுக்குப் போயாச்சு. அம்மணி ஒத்தையா தார்ப்பாயை இழுத்திருக்குது. வழுக்கி உழுந்து மணிக்கட்டு ஒடஞ்சுபோச்சுங்க. பாதிக் கொப்பரை நனஞ்சுபோச்சு. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னுதான் சொல்லுச்சு."

நேற்றுக் கேட்டது மழை.

உடனே கிளம்பினேன். செந்தில், "நீ போயி என்ன பண்ணப்போறே, எலும்பை ஒட்டவா வைக்கப்போறே?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

23, திங்கள். காங்கேயம்

வெயில். காலை ஏழுக்கு வீடு. அவள் வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் காபி கொண்டுவந்து வைத்தாள். நின்றவாக்கில் சொல்லிவிட்டேன். டிரையர் பார்க்கப் போகவில்லை, பாலைவனத்துக்குப் போனேன்.

"தெரியுமுங்க. செந்திலண்ணன் ஸ்டேட்டஸ்ல உங்கள ஒட்டகத்து மேல பாத்தேன். அப்புறந்தான் மழை புடிச்சுது. ஆளுங்க நம்பர் உங்க போன்லதானே இருக்குது, அதைக் கேக்கலாம்னு கூப்பிட்டேனுங்க. மெஷின்காரரோட பேசறேன்னீங்க. அதுக்கு மேல நம்பர் கேக்க மனசு வரலீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். களத்தில் கொப்பரை பூசணம் பிடித்துக் கிடக்கிறது, அதைப் பற்றியும் ஒரு வார்த்தையில்லை.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அந்த மணலு கால்ல சுடுமாங்க?"

காலையில் சுடாது, ஜில்லென்று இருக்கும் என்றேன். அவள் இன்னும் கேட்க ஆசையாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.