அழைக்க வரவேண்டியவர்கள் கப்பலில்

பெருங்கடவிளை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தீபு அப்பாவுக்கு,

ஸ்ரீகலா எழுதுவது. தீபு சுகம். நானும் இருக்கிறேன். கப்பல் நல்லபடியாகக் கொச்சி திரும்பி, நீங்களும் ஆபீஸ் போகத் தொடங்கியிருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவீர்கள். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். முந்தியே எழுதியிருக்க வேண்டியது. இவன் இப்போதுதான் கண் அசந்தான்.

ஊசி போட்ட காய்ச்சல் விட்டுவிட்டது. கவிழ்ந்து படுக்கப் படித்துவிட்டான், திரும்பத்தான் தெரியவில்லை, அழுகிறான். போனில் உங்கள் குரல் கேட்டால் போனை நக்குகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பிரசவத்துக்கு வந்த பெண் தானாகப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பக்கூடாது, மாமியார் வந்து கூப்பிட்டால்தான் போகவேண்டும் என்று சொன்னது உங்கள் அம்மா. "எங்க குடும்பத்துல அதாக்கும் முறை" என்று என் அப்பாவிடமே சொன்னார்கள். இல்லையென்றால் நெய்யாற்றின்கரையில் ஒரு பஸ் மாறினால் பாறசாலையில் உங்கள் வீடு, நான் எப்போதோ வந்திருப்பேன். என் லீவும் முடியப்போகிறது. அங்கே இருந்தால் காலை ரயிலைப் பிடித்து வேலைக்குப் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அத்தையும் அழைக்க வருவீர்கள் என்று என் அம்மா மூன்று நாளாக அடுப்படியை விட்டு நகரவில்லை. பயறு வறுத்து, பாகில் உருட்டி, முந்திரிக்கொத்து பொரித்து டின் டின்னாக நிறைத்தாள். பாறசாலையில் அக்கம்பக்கத்துக்கு அத்தை கொடுக்கும்போது குறைந்துவிடக்கூடாதாம். அப்பா டாக்சி ஓட்டும் ஜெயனிடம் கார் சொல்லிவைத்தார். சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் போன் வந்தது. ஆபீசில் தலைபோகிற வேலை, அம்மாவுக்குக் கால்முட்டு வலி, படி ஏற முடியவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றீர்கள். நான் அதை நம்பி, தைலம் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். நீங்களும் சரி என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பக்கத்து வீட்டு லேகா அக்கா வந்து, "எப்பளாக்கும் போறே மக்கா? கொத்து பொரிச்ச மணம் எங்க வீடு வரைக்கும் வந்துதே" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "அது பயலுக்குப் பல்லு முளைச்சாச்சு, அதுக்காக்கும்" என்று ஒரு பாத்திரம் நிறையக் கொடுத்தாள். லேகா அக்கா விரலைக் கழுவிக்கொண்டு வந்து இவன் வாயில் விட்டுத் துழாவி, "பல்லு எங்க உண்டு உமையம்மாக்கா?" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அப்பா போனோடு என்னிடம் வந்தார். "மக்கா, மருமகனுக்குக் கப்பல்லயா வேலை?" என்று நிஜமாகவே கேட்டார். உங்கள் ஸ்டேட்டஸ். கப்பலின் மேல்தட்டு, பின்னால் தண்ணீரில் சறுக்கி விளையாடும் சறுக்குமரம், அம்மாவின் முதல் கப்பல் என்று மேலே எழுத்து. அத்தை கைவிரித்து நிற்கிறார்கள். அத்தனை மாடி ஏறிய கால்முட்டு. என் போனில் தேடினேன், அது இல்லை. என்னை மறைத்துவிட்டு மாமனாரை மறைக்க மறந்துவிட்டீர்கள். அப்பா முன்னறையில் இருந்த டின்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அத்தையின் தலையில் இருந்த மஞ்சள் தொப்பி என்னுடையது. சாலைக் கடைவீதியில் நான் பேரம் பேசி வாங்கியது, நம் அலமாரியில் கவரோடு இருந்தது. மலிவு விலையில் கப்பல் பயணம் என்று விளம்பரத்தைக் கண்டுபிடித்ததும் நான்தான். ஜன்னல் இல்லாத அறைதான் நமக்குக் கட்டுப்படியாகும் என்று நான் முகம் சுருக்கியபோது, ஜன்னல் எதற்கு, உன்னைத்தானே பார்க்கப்போகிறேன் என்றீர்கள். நான் உண்டானேன், தேதியைத் தள்ளினோம். ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றமாட்டோம் என்றார்கள். மூன்று ராத்திரிதானே, பிள்ளையை உன் அம்மாவிடம் விட்டுவிட்டு வா என்றீர்கள். பால் குடிக்கிற பிள்ளையை எப்படி விடுவேன்? டிக்கெட் வீணாகிவிட்டது என்றுதான் இருந்தேன். ஆள் மாற்றலாம் என்று நீங்கள் சொல்லவில்லை.

அத்தை போனதில் எனக்கு வருத்தமில்லை. கேட்டிருந்தால் அந்தத் தொப்பியை நானே எடுத்துப்போகச் சொல்லியிருப்பேன். என் பிள்ளை உங்கள் வீட்டுப் படி ஏற வேண்டிய நாளைத் தூக்கிக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டு, தைலத்துக்கும் சரி என்றீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே கோயிலில் தீபுவுக்குச் சோறூட்டு. தகப்பன் மடியில் வைத்து முதல் வாய் கொடுக்கவேண்டும். யார் மடி என்று அப்பா கேட்கிறார். நீங்கள் வருவீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். வராவிட்டால் அப்பா மடியில் உட்காரவைத்து ஊட்டிவிடுவேன், அதற்குப் பிறகு யாரும் அழைக்க வரவேண்டியதில்லை. அம்மாவை இன்னொரு தடவை இவனுக்குப் பல் முளைக்க வைக்கச் சொல்ல என்னால் ஆகாது.

அன்றைக்கு இவனுக்கு ஆறு மாதம் நிறைகிறது. இனி கப்பலில்கூட ஏற்றுவார்கள். பாறசாலை வீட்டில் ஏற்றுவார்களா என்பதை மட்டும் அத்தையிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

அத்தையின் கால்முட்டு என்றைக்கும் இப்படியே நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தொப்பியைக் கொண்டுவர வேண்டாம். நீங்கள் வாருங்கள்.

உங்கள் குரலுக்குப் போனை நக்குகிற பிள்ளையின் அம்மா,
ஸ்ரீகலா