காசி அண்ணனின் வலது தோள்

இன்று காலை காசி அண்ணே கிளினிக்குக்கு வந்தார். கையில் ஒரு பழைய சாக்ஸ். உன் மகள் நாலாம் வகுப்பில் போட்டுக் கழித்த வெள்ளைச் சாக்ஸ், மேலே நீலக்கோடு. உள்ளே ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி நீ கொடுத்தது. இப்போது குதிகால் பக்கம் ஓட்டை விழுந்திருந்தது. உள்ளே பந்து மொட்டையாகிவிட்டது.

"புதுசு ஒண்ணு தாரேன்ண்ணே" என்றேன்.

"வேணாம்மா. இது அந்தத் தங்கச்சி குடுத்தது. ஓட்டைய மட்டும் தச்சுக் குடுங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

ஊசி நூலோடு உட்கார்ந்தேன். சாக்ஸில் சால்னா வாசம், புரோட்டாக் கல்லின் எண்ணெய் வாசம். நாலு தையல் போடுவதற்குள் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. சரி, தைப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் பேசாமல் எம்புட்டு நாள்தான் இருப்பது?

நம் கே.கே. நகர் கிளினிக்கில் இரண்டு அறைகள். ஒன்றில் நான், ஒன்றில் நீ. நடுவே ஒரு தடுப்பு. இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் பிசியோதெரபி படித்தவர்கள்தான், ஆனால் தசை முடிச்சு என்று வந்துவிட்டால் எலியும் பூனையும். தசைக்குள் கடலைப்பருப்பு போல இறுகிக்கிடக்கும் அந்த இடத்தை நான் மருந்தில்லாத மெல்லிய ஊசியால் குத்தித் தளர்த்துவேன். நீ கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, அது இளகும்வரை விடமாட்டாய். உனக்கு நான் 'ஊசி'. எனக்கு நீ 'கட்டைவிரல்'. மத்தியானம் ஒரே மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்தால் முதல் வாய்ச் சோறு இறங்குவதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும்.

"ஏன்டி, மனுசங்களப் போயி குத்திக்கிட்டு இருக்க? அவுங்க என்ன சாக்குமூட்டையா?" என்பாய். "உன் விரல் தேஞ்சு போகும்போது எங்கிட்டதான் வரணும்" என்பேன். என் டப்பாவிலிருந்த உருளைக்கிழங்கு முழுக்க அதற்குள் உன் பக்கம் போயிருக்கும்.

ஒருநாள் நீதான் சொன்னாய், வாயால் சண்டை போட்டது போதும், ஒப்பிட்டே பார்த்துவிடலாம் என்று. அப்போது வந்தவர்தான் காசி அண்ணே. பழங்காநத்தத்தில் புரோட்டா மாஸ்டர். வலது தோளின் முன்பக்கத்தில் தீராத வலி, கையைத் தூக்கி மாவை வீச முடியவில்லை. பெருநாளுக்குள் கல்லுக்குத் திரும்பவில்லை என்றால் வேறு மாஸ்டரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். இருபது வருஷமாக வீசிய கை. வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது.

இரண்டு வாரம் என் ஊசி, அடுத்த இரண்டு வாரம் உன் விரல் என்று முடிவு செய்தோம். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு அவரவர் நோட்டில் குறித்துக்கொண்டோம். என் நோட்டில் எட்டு மளமளவென்று இறங்கி ஒன்றுக்கு வந்தது. "ஒங்க கைராசிம்மா, பஞ்சாப் பறந்துபோச்சு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் போய்ச் சொல்லி, அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

நாலு வாரம் முடிந்து மத்தியானச் சோற்றுக்கு முன்னால் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்தோம். உன் நோட்டிலும் எட்டில் தொடங்கி ஒன்று! நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"நீ ஒண்ணுல விட்ட ஆளு, எங்கிட்ட வரும்போது எப்படிடி எட்டு?" என்று கேட்டாய். "உன் ஊசி ரெண்டு நாளு கூடத் தாங்காம இருந்திருக்கணும். இல்லாட்டி இந்த மனுசன் நமக்காகப் பொய் சொல்லிருக்காரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாப்பிடாமல் எழுந்து போனேன். அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

அன்று சாயங்காலம் பழங்காநத்தத்திலிருந்து உன் போன். "ஊசி, கோபத்த அப்புறம் வச்சுக்க. இப்பவே கிளம்பி வா."

வந்தேன். நீ கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாய். உள்ளே கல்லின் முன்னால் வேறு ஒருவர் மாவை வீசிக்கொண்டிருந்தார். நாம் இரண்டு பேரும் குணமாக்கிவிட்ட காசி அண்ணே மூலையில் முக்காலியில் உட்கார்ந்து, வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் தட்டுத் தடுமாறி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த முகத்தை எப்படி மறப்பேன்?

"ஏண்ணே பொய் சொன்னீங்க?" என்று நான் கத்தியே விட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் அம்புட்டுக் கரிசனமாப் பாத்தீங்கம்மா. மூஞ்சிக்கு நேரா வலிக்குதுன்னு எப்படிச் சொல்ல? சங்கடப்படுவீகளே."

நம் ஊர் மரியாதை! விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லாத குழம்பைக்கூட நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வருகிற ஜனம், வைத்தியம் பார்த்தவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுமா? இது தெரியாமல் பத்துக்கு எத்தனை, பத்துக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

நான் இடிந்துபோய் நின்றேன். நீயோ துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, "அண்ணே, ஒரு ஈரத்துண்டு எடுங்க. மாவு வீசுற மாதிரி வீசிக் காட்டுங்க" என்றாய். அவர் வீசினார், பாதியிலேயே முகம் கோணியது. மறுபடி வீசச் சொன்னாய். நாலாவது தடவை அவருக்குப் பின்னால் போய், தோள்பட்டை எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாய்.

"ஆத்தாடி! முன்னாடில்ல இழுக்குது!" என்று அலறினார்.

முன்னால் வலித்த தோளின் முடிச்சு பின்னால் இருந்தது. வலி காட்டும் இடமும் முடிச்சு இருக்கும் இடமும் வேறாக இருக்கலாம் என்று இரண்டு பேரும் படித்துத்தான் பரீட்சை எழுதினோம். ஆனாலும் முன்னால் ஒரு இறுக்கம் கைக்குத் தட்டுப்பட்டதும் அதோடு நின்றுவிட்டோம். அதில் நான் ஊசியைக் குத்தினேன், நீ விரலை அழுத்தினாய். நம் இரண்டு வைத்தியத்துக்கும் அது நியாயமான போட்டியே இல்லை. வீட்டுக்குப் போனதும் நீ செய்த முதல் காரியம், உன் நோட்டில் அந்த ஒன்றை அடித்துவிட்டு, 'தப்பான இடம், தப்பான கேள்வி' என்று எழுதியது. மறுநாள் காட்டினாய். என்னுடையதை அடிக்க எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. உன்னை நான் பெரிய மனுஷி என்று நினைத்தது அன்றைக்குத்தான். அப்போது சொல்லவில்லை. சொன்னால் ரொம்பத்தான் அலட்டிக்கொள்வாய்.

அதற்குப் பிறகு வலி எப்படி இருக்கிறது என்று யாரையும் கேட்கக் கூடாது என்று நீ சட்டம் போட்டாய். தலை பின்ன முடிந்ததா, துணி காயப்போட்டது யார், மேல் தட்டு டப்பாவை எந்தக் கையால் எடுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். அதிலும் என் ஆட்களை நீ கேட்க வேண்டும், உன் ஆட்களை நான் கேட்க வேண்டும். வைத்தியம் பார்த்தவளே கேட்டால் மரியாதைக்காகப் பொய்தானே வரும்.

அப்படி ஒரு வருஷம் கேட்டோம். நம் இரண்டு அறைக்குள் நாம் பார்த்தது இவ்வளவுதான். என் ஊசி சிலருக்குச் சீக்கிரம் கேட்டது, ஆனால் மறுநாள் குத்திய இடம் கனத்தது. ஊசியைக் கண்டு உடம்பை இறுக்கிக்கொள்கிறவர்களுக்கு உன் விரலே மேல். ஒத்தடமும் கரண்ட் மெஷினும் படுத்திருக்கும்வரை சுகம். மாதக் கடைசியில் பார்த்தால் ஊசிக்கும் விரலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எதை வாங்கிக்கொண்டவராக இருந்தாலும், வீட்டில் பந்தைச் சுவரில் வைத்து முதுகால் உருட்டி, சொன்னபடி கையை நீட்டி மடக்கி, வேலை செய்யும் விதத்தையும் மாற்றிக்கொண்டவர்கள்தான் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. காசி அண்ணனுக்கு இரண்டு வைத்தியமும் சரியான இடத்தில் செய்தோம். கல்லின் முன்னால் அவர் ஏறி நிற்க ஒரு பலகை போட்டு உயரத்தைச் சரிசெய்தாய், முதுகால் உருட்டப் பந்து போட்ட அந்தச் சாக்ஸைக் கொடுத்தாய். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் அவர் கல்லுக்குத் திரும்பினார். நாம் போனபோது வீசிய மாவு ஒன்று உன் தலைக்கு மேலே வந்து போனது. "பாத்துண்ணே, மேல விழுந்துறப் போகுது!" என்று கூவிக்கொண்டே கை தட்டினாய்.

பிறகு உனக்கு உடம்புக்கு முடியாமல் போனது. ஆபரேஷனுக்கு அப்புறம் மார்பும் தோளும் இறுகிக்கொண்டன. தினமும் மத்தியானம் உன் வீட்டுக்கு வந்து, ஊசி வேண்டாம் என்று நீ சொன்னதால், உன் முறைப்படியே விரலால் மெல்ல நீவினேன். ஒருநாள் கண்ணை மூடியபடி சொன்னாய்.

"உன் கைராசிடி. வலியே இல்ல."

என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

"இன்னைக்கு உனக்குத் துப்பட்டா போட்டுவிட்டது யாரு?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "பாவி, எங்கிட்டயேவா?" என்றாய். சிரித்துக்கொண்டே அழுதாய். மகள்தான் போட்டுவிடுகிறாள், தலையணையிலிருந்து கழுத்தைக்கூடத் திருப்ப முடியவில்லை, நான் வாடிப்போவேன் என்றுதான் சொல்லவில்லை என்றாய். அன்றைக்கே உன் டாக்டரிடம் பேசினோம். மருந்தை மாற்றினார். அதற்கடுத்த நாள் நான் வந்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய், பல நாளுக்குப் பிறகு முகம் சுளிக்காமல். எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன்னைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. அந்தத் தூக்கத்தையாவது உன் கேள்விதான் உனக்கு வாங்கிக் கொடுத்தது.

இப்போதும் அதைத்தான் எல்லோரிடமும் கேட்கிறேன். கைராசி என்று யாராவது சொன்னால் உடனே உஷாராகிவிடுவேன். இன்று காசி அண்ணே போகும்போது திரும்பி நின்று, "நீங்க எப்படிம்மா இருக்கீக?" என்று கேட்டார். நல்லா இருக்கேன் என்றேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

நீயாக இருந்தால் விட்டிருக்க மாட்டாய். மத்தியானச் சோறு யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்டிருப்பாய்.

தனியாத்தான்டி. உருளைக்கிழங்கு அப்படியே மிச்சம் இருக்கு.