பாதையோரப் பத்துக் குழி

மாமா,

இன்று காலையில் அத்தை கடைசிப் பறங்கிக்காயை நறுக்கினார். அரிவாள்மனையில் வைத்து அழுத்தியதும் அது இரண்டாகப் பிளந்தது. வெள்ளரியும் ஈர மண்ணும் கலந்தது போன்ற அந்த வாசனை கூடம் வரை வந்தது. நான் வீட்டுப்பாடத்தை மூடி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். எட்டு மாதமாக உங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்த காய். உள்ளே சதை இன்னும் ஆரஞ்சு நிறமாக, கெட்டியாக இருந்தது.

உங்களுக்கு நினைவிருக்கும். மாசி மாதத்தில் மூன்று ரகத்திலும் ஒவ்வொரு காயைத் தனியாக எடுத்து, சாக்கு விரித்து, கட்டிலுக்கு அடியில் வரிசையாக வைத்தீர்கள். "எது கடைசி வரைக்கும் நிக்குதுன்னு பாப்போம். பந்தயம் கட்டுறியா கலெக்டர்?" என்று கேட்டீர்கள். நான் சாக்பீஸால் ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதினேன். நாட்டுக்காய் ஆனி மாதத்தில் காம்போரம் குழிந்துவிட்டது. குடுவை போல இருந்த சீமை ரகம் பட்டர்நட், ஆவணியில் தோல் சுருங்கிக் கிழவன் முகம் மாதிரி ஆனது. அதைப் பார்க்க நீங்கள் இல்லை. நடுவில் ஆடி வந்துவிட்டது. கும்பகோணத்தில் லோடு இறக்கிவிட்டு வந்து மத்தியானம் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை.

மிஞ்சி நின்றது பாதையோரக் காய்தான் மாமா. நீங்கள் வேண்டாம் என்று எழுதிய ரகம்.

அதைப் பற்றித்தான் இந்த மடலை எழுதுகிறேன். உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது.

காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு குத்தாலத்துக்கும் மாயவரத்துக்கும் குட்டியானை வண்டி ஓட்டிக்கொண்டிருந்த உங்களுக்கு, அந்த மேட்டுக்கொல்லையைக் குத்தகைக்கு எடுக்க வேண்டும் என்ற ஆசை எப்படி வந்ததோ தெரியாது. "ஊர்ல எவனைப் பாரு, நெல்லு நெல்லுன்னு கெடக்குறான். பறங்கிக்காய் அரியலூர்ப் பக்கம் இருந்து நம்ம ஊருக்கு வருது. நான்தான் ஏத்திக்கிட்டு வரேன், எனக்கே வெக்கமா இருக்கு" என்றீர்கள். ஒரு ஏக்கர் கொல்லை. முதல் வருஷம் பெரும்பகுதியில் கத்தரி போட்டுவிட்டு, பறங்கிக்கு மட்டும் முப்பது குழி ஒதுக்கினீர்கள். ரகத்துக்குப் பத்துக் குழி. எது நன்றாக வருகிறதோ, அதை அடுத்த வருஷம் ஏக்கர் முழுவதும் போடுவது என்று திட்டம்.

கொல்லையின் கோடியில் நாட்டு ரகம். நடுவில், நான் ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு நச்சரித்து வாங்க வைத்த பட்டர்நட். வண்டிப்பாதையை ஒட்டி, விதைக்கடைக்காரர் கொடுத்த ஹைபிரிட். குழி எண், முளைத்த நாள், முதல் பூ, பிஞ்சு, காய், எடை என்று நான் நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது நீங்கள் சிரித்த சிரிப்பில் அத்தை வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"இங்க பாரு, உங்க நாத்தனார் பொண்ணு பறங்கிக்காய்க்கு ரேஷன் கார்டு எழுதுது" என்றீர்கள்.

"எழுதட்டும். உங்களுக்கு நேத்து டீசல் போட்டது ஞாபகம் இருக்கா?" என்றார் அத்தை. நீங்கள் பில்லைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவினீர்கள்.

ஐப்பசி முதல் வாரத்தில் விதை ஊன்றினோம். மழை விட்டுவிட்டுப் பெய்தாலும் மேட்டுக்கொல்லையில் தண்ணீர் நிற்கவில்லை. மார்கழி பிறந்தபோது முப்பது குழியும் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது.

மார்கழி முதல் தேதி விடியலில் நான் பனியில் நனைந்துகொண்டு கூடையோடு கொல்லைக்கு வந்தேன். வாசலில் கோலம் போட்டு, நடுவில் சாணிப் பிள்ளையார் பிடித்து, அதன் தலையில் பறங்கிப்பூ வைக்க வேண்டும். நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"ஆண் பூவாப் பாத்துப் பறி. காம்பு நீட்டமா இருக்கும். அடியில பிஞ்சு உருண்டையா இருந்தா அதுல கை வைக்காத" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தீர்கள்.

நான் ஒரு பெண் பூவைக்கூடத் தொடவில்லை மாமா. அதில் எனக்குப் பெருமையே இருந்தது. நாட்டுக் கொடி உங்கள் செல்லம், பட்டர்நட் என் செல்லம். இரண்டையும் விட்டுவிட்டுப் பாதையோரக் கொடிகளில் மட்டும் பறித்தேன். அங்கேதான் சேற்றில் இறங்காமல் பறிக்கவும் முடியும். இரண்டாம் நாள் எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். மூன்றாம் நாள் இன்னும் நாலு வீடு. ஒரு வாரத்தில் தெரு முழுவதற்கும் நான்தான் பூ கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை தம் வாசலுக்கு ஐந்து பூ வேண்டும் என்பார். நாலு கொடுத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார். கூடை நிறைந்த பிறகு பாதையோரக் கொடிகளில் பச்சையைத் தவிர வேறு நிறம் இருக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெண் பூக்கள் மட்டும் குந்தியிருக்கும்.

ஒரு நாள் வண்டியை மெதுவாக ஓட்டியபடி தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். "என்னடி, எல்லா வாசல்லயும் நம்ம கொல்லைதான் இருக்கு?"

"ஆண் பூதானே மாமா. அது காய்க்கவா போவுது?"

"அதுவும் சரிதான்" என்று ஹாரன் அடித்துவிட்டுப் போனீர்கள்.

அதே மாதம் அரையாண்டுத் தேர்வில் ஒருபால் மலர்களைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். நான் பறங்கியைத்தான் உதாரணம் எழுதினேன். ஆண் பூ, பெண் பூ இரண்டையும் வரைந்து பாகங்களைக் குறித்தேன். ஆண் பூவிலிருந்து தேனீ மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டு சேர்த்தால்தான் காய் பிடிக்கும் என்று அடிக்கோடிட்டும் எழுதினேன். முழு மதிப்பெண். அன்று காலையில்கூட ஒரு கூடை ஆண் பூ பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போயிருந்தேன்.

பாதையோரத்தில் பிஞ்சுகள் மஞ்சளாகிச் சுருங்கி விழத் தொடங்கின. நீங்கள் ஈ குத்துகிறது என்றீர்கள். வேப்பெண்ணெய் அடித்தீர்கள், விதைக்கடைக்காரரைத் திட்டினீர்கள், கடைசியில் கொடியையே திட்டினீர்கள். "நல்லாத்தானே சோறு போடுறேன், ஏன் இப்படிப் பண்ற?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதனிடம் நியாயம் கேட்டது என் கண்ணிலேயே நிற்கிறது. நான் பக்கத்தில் நின்று, "பிஞ்சு உதிர்வு: பதினொன்று" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

மாசியில் காய்களை ஏற்றிக்கொண்டு நாம் இரண்டு பேரும் போன அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்த சமையல்காரர், நாட்டுக்காயைத் தூக்கிக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டார். "முந்நூறு எலை தம்பி. இந்த மாதிரி பெருசா ரெண்டு இருந்தா சாம்பாருக்கும் ஆச்சு, கூட்டுக்கும் ஆச்சு. சின்னச் சின்னக் காயைத் தோல் சீவிக்கிட்டு எவன் உக்காருவான்?" என்றார்.

குத்தாலத்துக் காய்கறிக்கடை அக்கா அதற்கு நேர்மாறு. "பெருசை அறுத்தா அன்னைக்கே கீத்துப் போட்டு விக்கணும். சாயங்காலம் வழவழன்னு ஆயிடும். இந்தா, இந்த உருண்டைக் காய் மாதிரி வீட்டுக்கு ஒண்ணுன்னு கொண்டாங்க, தெனமும் எடுத்துக்கறேன்" என்று பாதையோரக் காயைத் தட்டிப் பார்த்தார். பிறகு என் பட்டர்நட்டைக் கையில் எடுத்து, "இது என்ன தம்பி, சுரைக்காய்க்கு மஞ்சக்காமாலையா?" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி என்னை அழவே வைத்துவிட்டீர்கள். அப்புறம் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தீர்கள்.

"சமையல்காரரு முகூர்த்த மாசத்துலதான் கேப்பாரு. அந்த அக்கா தெனமும் கேக்குறாங்க. சின்னக் காய்தான் தோது. ஆனா நம்ம மண்ணுல அது காய்க்கலையே" என்று வண்டியை ஓட்டிக்கொண்டே யோசித்தீர்கள். அன்று சாயங்காலம் என் நோட்டை வாங்கி, பெரிய பெரிய எழுத்தில் நீங்களே எழுதினீர்கள்: "பாதையோரம், வேண்டாம். நாட்டுக்காய்தான், முழுக்க."

நீங்கள் போன பிறகு குத்தகையை விட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். திருப்பூரில் அத்தையின் அண்ணன், பனியன் கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அத்தை கேட்கவில்லை. "இந்த ஒரு போகம் பாக்குறேன். வந்தா இருக்கேன், வரலைன்னா கெளம்புறேன்" என்றார். எந்த ரகம் போடுவது என்று அம்மா கேட்டதற்கு, அத்தை என் நோட்டைத்தான் எடுத்து நீட்டினார். "அவரு கையால எழுதி வெச்சிருக்காரு. அதுக்கு மேல என்ன இருக்கு?"

புரட்டாசியில் அந்த நோட்டைச் சுத்தமாகப் படியெடுத்துக் கொடுக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் தேதிகளைப் பார்த்தேன் மாமா. பாதையோரத்தில் மார்கழி ஐந்தாம் தேதியிலிருந்து பிஞ்சு உதிர்வு, உதிர்வு என்றே வரிசையாக எழுதியிருந்தது. போகி வரைக்கும் அப்படித்தான். பொங்கலுக்கு அப்புறம் உதிர்வு நின்றுவிட்டது. அந்தப் பத்துக் குழியில் நாம் அறுத்த காய் அத்தனையும் தை மாதத்தில் பிடித்தவை. கொடி சலித்துப்போகும் வயதில், யாரும் வாசலுக்குப் பூ கேட்காத மாதத்தில். உள்ளே இருபது குழியில் பூ மண்டிக் கிடக்கும்போது, ஆண் பூவே இல்லாத இந்த ஓரத்துக்குத் தேனீ எதற்கு வரும்?

எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தது. பிஞ்சை எண்ணினேன், காயை எண்ணினேன், முளைக்காத விதையைக்கூட எண்ணினேன். பறித்த பூவை மட்டும் எண்ணவில்லை. அதற்கு நான் கட்டம் போடவே இல்லை.

மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் எழுத்து தவறு என்று சொல்ல வேண்டுமே, அதுவும் என்னால் நேர்ந்த தவறு என்று. அத்தை தினமும் விளக்கேற்றிவிட்டு அந்த நோட்டை ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறார். அதைப் பார்த்த பிறகு வாய் எப்படி வரும்? ஆனால் நாளைக்குக் குழி எடுக்க ஆள் வருகிறது. ஏக்கர் முழுவதும் நாட்டுக்காய் போட்டு, முகூர்த்தம் இல்லாத மாதத்தில் அத்தனை பெரிய காய் குவிந்தால் அத்தை யாரிடம் கொண்டு போவார்? இன்று அந்த வாசனை வந்ததும் அடுக்களையில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது தலையை நிமிர்த்தவே இல்லை.

அத்தை நறுக்குவதை நிறுத்தவில்லை. இரண்டு கீற்று நறுக்கினார். மூன்றாவதை எடுத்தவர் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வாசலுக்குத் தெனம் எத்தினி பூ கொண்டாந்த?"

"அஞ்சு அத்தை."

"நான்தானே அஞ்சு கேட்டேன். நாலு குடுத்தா சண்டை போட்டேன்." பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பயந்து நிமிர்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார் மாமா. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். "பாவம்டி அந்த மனுஷன். பொண்டாட்டி வாசல்ல பூ. அங்க அவரு வேப்பெண்ணெயை ஊத்தி ஊத்திக் கொடியோட சண்டை!" ஆடிக்குப் பிறகு அவர் சிரித்து நான் இன்றுதான் பார்த்தேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்ப எதைப் போடணும், சொல்லு" என்றார்.

"எனக்குத் தெரியாது அத்தை. அந்தப் பத்துக் குழியை நாம சரியாப் பாக்கவே இல்ல. திரும்பவும்தான் பாக்கணும்."

"பாத்துக்கிட்டே இருந்தா சோத்துக்கு எங்க போறது? பாதி அவரு சொன்னது, பாதி இது." கையிலிருந்த கீற்றைக் காட்டினார். "இந்த வெதையைக் கழுவி வெக்கவா?"

"இது ஹைபிரிட் அத்தை. இந்த விதையில இதே காய் வராது. புதுசாப் பாக்கெட்தான் வாங்கணும்."

"அதுக்கும் செலவா?" என்று அலுத்துக்கொண்டவர், விதையை வீசவில்லை. ஒரு தட்டில் வழித்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "அப்ப இதைப் பாதையோரமா நாலு குழியில ஊனு. காய்ச்சாக் காய்க்குது, காய்க்காட்டிப் போவுது. தெருவுக்குப் பூ அதுலதான். மத்த குழியில எவ கை வெச்சாலும் நான் சும்மா விட மாட்டேன், நீயா இருந்தாலும்."

விதைகள் இப்போது என் சன்னலில் சாம்பல் பூசிக் காய்கின்றன. புது நோட்டில் கட்டம் போட்டுவிட்டேன். குழி எண், முளைத்த நாள், முதல் பூ. அதற்கு அடுத்து, பறித்த பூ.

பழைய நோட்டில் நீங்கள் எழுதிய வரியை நான் அடிக்கவில்லை மாமா. உங்கள் கையெழுத்து என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு வரிதான். அதன் கீழே, என்னால் முடிந்த வரை சிறிய எழுத்தில், இதை மட்டும் எழுதினேன்: "இந்தப் பத்துக் குழியின் பூ, மார்கழி முழுவதும் நம் தெரு வாசல்களில் இருந்தது."