செக்போஸ்ட்டுத் தம்பி

செவ்வாய். காலைலேர்ந்து தூறல்.
சாமை காயல, கோணில பூஞ்சை வாசனை. உப்பு, தீப்பெட்டி வாங்கணும்.
டெல்லிக்காரங்க போட்ட புதுச் சட்டத்துக்கு எதிரா நாடு பூரா ஜனம் ரோட்டுக்கு வருது. வெள்ளிக்கெழம நம்மூரும் ஜீப்புல சென்னைக்கு. சட்டம் வந்தா நம்ம சாமைக் கொல்லை ஃபாரஸ்ட்டுக்குப் போயிடும். யாருக்கும் மூச்சு வுடாதீங்கன்னு நாட்டாமை. தெரிஞ்சா போலீசு வழியிலயே மடக்கிடும்.
சாயங்காலம் மாரியம்மன் பூசை. பம்பை அடிச்சு உத்தரவு கேக்காம இந்த ஊரு தூரம் தொலைவு போனதே இல்ல. ஆத்தா பூ கொடுத்து உத்தரவு சொல்லிட்டா.
எனக்குப் பயம் என் தம்பி கோவிந்தன்தான். ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டுல வாட்சர். அவங்க காக்கி, அவங்க சம்பளம்.

புதன். மேகம்.
கோவிந்தன் வந்தான். களி போட்டேன். "எத்தினி ஜீப்புக்கா போவுது?"ன்னான். இன்னா ஜீப்புன்னேன். சிரிச்சான். எதுக்குச் சிரிப்பு? எவன் சொன்னான் இவனுக்கு? என்னமோ சொல்ல வந்தான், எனக்கு வேலை கெடக்குதுன்னு எழுந்துட்டேன். பாதிக் களிய வெச்சிட்டுப் போயிட்டான்.

வியாழன்.
வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன், போவாதீங்க, கோவிந்தன் காட்டிக் குடுத்துடுவான். உன் தம்பிதானேன்னார். அதனாலதான் சொல்றேன்னேன். கேக்கல. நான் வர்ல. புளிச்சோறு மட்டும் கட்டி வெச்சேன்.

வெள்ளி. நல்ல வெயில். சாமை காயப் போட்டாச்சு.
சொன்னேன்ல! செக்போஸ்ட்டுல போலீசு. ஜீப்பெல்லாம் காலியாத் திரும்பி வந்துடுச்சு. ஆளுங்க எங்கன்னு கேட்டா டிரைவருங்க சொல்ல மாட்டேங்கிறாங்க. பாவி, சோத்துல மண்ணப் போட்டுட்டான். அவன் பொண்டாட்டி கொழாயடில பேச வந்தா. மூஞ்சத் திருப்பிக்கினேன்.

சனி. பனி.
பாறை மேல ஏறினாதான் டவர். வூட்டுக்காரர் பேசினார், சென்னைலேர்ந்து. பின்னாடி ஒரே கோஷம். எப்பிடிப் போனீங்கன்னேன். கோவிந்தன்தான் செக்போஸ்ட்டுக்கு முன்னாடியே ஜீப்ப நிறுத்தி, எல்லாரையும் ஒத்தையடிப் பாதைல மலைக்குக் கீழ படவேட்டுக்கு எறக்கி பஸ் ஏத்தினானாம். காக்கியக் கழட்டி வழியில ஒரு கம்பத்துல மாட்டிட்டு அவனும் கூடவே வந்துட்டானாம்.
அப்ப போலீசுக்கு யாரு சொன்னது?
நாமதான்னு சிரிச்சார். கல்யாணமில்ல, திருவிழா இல்ல, எதுக்குப் பம்பைன்னு செவ்வாக்கெழமையே செக்போஸ்ட்டுல பேச்சாம். ரோட்டு வழியா வராதீங்கன்னு சொல்லத்தான் கோவிந்தன் புதன்கெழம நம்ம வூட்டுக்கு வந்திருக்கான்.
போனை அவன்கிட்ட குடுத்துட்டார்.
"அக்கா, சாமை காஞ்சிச்சா?"
வேலை போச்சாடான்னு கேக்க வாய் வர்ல.
"அக்கா, கேக்குதா?"
டவர் இல்லடான்னு கட் பண்ணிட்டேன். டவர் முழுசா இருந்துச்சு.