நிவெஸின் படத்தில் ஒற்றைக் கோடு

7 பிப்ரவரி 1994, திங்கள். மிலான்.
காலையில் எட்டுக் குடுவை, ஈஸ்ட் வளர்க்கும் கரைசல் காய்ச்சிக் கொடுத்தேன். பேராசிரியர் கலிம்பெர்த்தி நுண்ணோக்கியில் குனிந்தபடியே, "நிவெஸ், இங்க வந்து பாரு" என்றார். பன்னிரண்டு வருஷமாக அந்த 'வந்து பாரு' எனக்குத்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பாட்டில் கழுவுகிறவன் என்றாலும். ஆராய்ச்சி மாணவி இந்த நிவெஸ் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

9 பிப்ரவரி
டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி, செல் ஒருமுறை பிளந்து முடிவதற்குள் மாறுகிறதா? இதுதான் அவள் வேலை. எதிர்ப்பாலினத்தின் வாசனைப் பொருளைக் கலந்தால் செல்லெல்லாம் நகலெடுக்காமல், மூக்கை நீட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வருவானென்று நின்றுவிடும். எங்கள் ஊர் ரோசால்பா பேருந்து நிறுத்தத்தில் நாலு வருஷம் இப்படித்தான்... சரி, அது வேறு கதை. வாசனையைக் கழுவிவிட்டால் எல்லாம் சேர்ந்து கிளம்பும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, உடைத்து, நொதியைப் படமெடுப்பாள். நொதியில் பாஸ்பேட் ஏறினால், அதாவது நொதி மாறினால், படத்தில் அதன் கோடு மேலே போகும்.
போகவில்லை. எல்லா நேரத்திலும் ஒரே கோடு. எனக்குச் சந்தோஷம். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

16 பிப்ரவரி
மறுபடியும் ஒற்றைக் கோடு. காரணம் எனக்குத் தெரியும். செல்லை மெதுவாக உடைக்கிறாள். அதற்குள் உள்ளேயிருக்கும் வேறு நொதிகள் பாஸ்பேட்டை வெட்டி எறிந்துவிடுகின்றன. முன்பிருந்தவர்கள் எடுத்த கையோடு கடும் அமிலத்தில் போட்டு எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கு அந்த அமில பாட்டிலைக் கொண்டுபோய் வைத்தவனே நான்தான்.
மத்தியானம் கேட்டாள்: "ஒரெஸ்தே, எத்தன பேர் செஞ்சதப் பாத்திருக்கீங்க. நான் எங்க தப்பு பண்றேன்?"
"நான் கழுவுறவன், டாக்டரம்மா. எனக்கென்ன தெரியும்?"

17 பிப்ரவரி
பினா சிரிக்கிறாள். "அவனவன் பொண்டாட்டிய எவனாவது பாத்தா பொறாமப்படுவான். என் புருஷன் ஈஸ்டுக்காகப் பொறாமப்படுறான்!"
போடி.

22 பிப்ரவரி
பேராசிரியர் கதவைக்கூடச் சாத்தாமல் அவளிடம் சொன்னார்: "இன்னும் ஒரே தடவ. அதுலயும் மாறலன்னா இத மூடிடுவோம். உன் உதவித்தொகைய நீட்டச் சொல்லி எத வச்சு எழுதுவேன்?"
காப்பி இயந்திரத்தின் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள்.
இதுக்குத்தானடா ஆசப்பட்டே? ஆமா. அப்புறம் ஏன் பினா கிண்டின பொலெந்தாக் களிய அப்படியே வச்சிட்டு எழுந்தே?

24 பிப்ரவரி
அமில பாட்டிலைப் பனிக்கட்டி வாளியோடு அவள் மேசையில் வைத்தேன்.
"என்ன இது?"
"எடுத்ததும் இதுல போடுங்க. ஒரு நிமிஷம்கூட நிக்க விடாதீங்க."
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கலாம்.

1 மார்ச்
செல்கள் காத்து நிற்கும்போது கோடு கீழே. நகலெடுக்கத் தொடங்கியதும் மேலே இன்னொன்று. பிளந்து முடிந்ததும் திரும்பக் கீழே. மாறுகிறது!
பேராசிரியர் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "அமிலம் யார் யோசன?"
"ஒரெஸ்தேயோடது" என்றாள்.
என் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சுக்கிட்டே இத்தன நாள் ஏன்யா வாய மூடிக்கிட்டிருந்தே?"
நான் வாயைத் திறப்பதற்குள் நிவெஸ் சொன்னாள்: "நான் அவர்கிட்ட கேக்கவேயில்ல, ப்ரொஃபசர்."
கண் இமைக்காமல் பொய் சொன்னாள். அவள் இடத்தில் நானாயிருந்தால் சொல்லியிருப்பேனா? தொட்டிக்குப் போய்க் குடுவைகளைக் கழுவினேன்.
இதுக்கும் சேத்து அவமேல பொறாமையா இருக்கு.