தேக்கு மாதிரி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. அடுத்த தடவை அதையும் தனியாக விசாரி, இல்லாவிட்டால் மாடிப்படியில் பழி வாங்குகிறது. உன் இருமல் போயிற்றா, மாப்பிள்ளை சமையலில் உப்புப் போடக் கற்றுக்கொண்டாரா? தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அதனால் இப்போது எங்களுக்கே புத்தி சொல்கிறான். கடையும் நடக்கிறது. காட்சிக்கு வைத்த சோபாவில் அப்பா மதியம் தூங்குகிறார், அதைப் பார்த்துத்தான் இரண்டு பேர் சோபா வாங்கினார்கள், ஆகவே அவரை எழுப்புவதில்லை.

மீதியைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியிலேயே "விடும்மா, பரவாயில்ல" என்பாய், எனக்கும் அதுவே போதும் என்று ஆகிவிடும். அதனால்தான் காகிதம். கம்பெனிக்காரர்களுக்கு நேர்மையைப் பற்றி வகுப்பெடுக்கிறாயே, அதில் என்னை உதாரணம் காட்டியதாகப் போன மாதம் சொன்னாய். என் அம்மா மரச்சாமான் கடை நடத்துகிறாள், வாடிக்கையாளரிடம் ஒரு பொய் சொன்னதில்லை என்றாயாம், எல்லோரும் கை தட்டினார்களாம். நானும் அதைத் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன், தையற்காரியிடம் இரண்டு முறை. அப்பா மட்டும் சோபாவில் கண்ணைத் திறக்காமலே, "பொய் சொன்னதில்ல, வாஸ்தவம். பொய் மாதிரி சொல்லியிருக்கா" என்றார்.

இந்த மாதிரி என்ற சொல்லை உனக்கு விளக்க வேண்டும். நம் கடையில் அசல் தேக்கு என்று இருப்பது மேசைமேல் கிடக்கும் மாதிரிப் பலகை ஒன்றுதான், வருகிறவர்கள் தடவிப் பார்ப்பதற்கு. தடவிவிட்டு, இந்தக் கதவு தேக்கா என்று கேட்பார்கள். "தேக்கு மாதிரியே இருக்கும்" என்பேன். மாதிரியை நான் விழுங்குவதில்லை, தெளிவாகத்தான் சொல்வேன். ஆனால் கேட்கிறவர் காதில் தேக்கு மட்டும்தான் விழும், அதற்குள் நான் கைப்பிடியின் அழகைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பேன். நம் தச்சர், எல்லோரும் ஆணி என்றே கூப்பிட்டு அவர் பெயரே அவருக்கு மறந்திருக்கும், இதற்குப் பழகிப்போய் ஒவ்வொரு வேலைக்கும் "தேக்கா, மாதிரியா?" என்றுதான் கேட்பார், மாதிரி என்று ஒரு மரம் எங்கோ வளர்வது போல.

நீ அதைச் சொன்ன மறுநாள் ஒரு நர்ஸ் வந்தாள். தன் அம்மாவோடு இருக்கச் சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தாள். வாசலில் சாரல் நேராக அடிக்கும், தேக்குதான் தாங்கும் என்று கொத்தனார் சொன்னாராம். இந்தக் கதவு தேக்கா என்று கேட்டாள். நானும் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன், நீ புகழ்ந்த குஷியில் இன்னும் கொஞ்சம் இனிமையாக.

போன வாரம் விடாத மழை. அவள் வாங்கிப்போன கதவு ஊறி உப்பி நிலையோடு இறுகிவிட்டது. காலையில் வேலை முடிந்து வந்த நர்ஸ் வெளியே நின்று தட்டியிருக்கிறாள். உள்ளிருந்து அவள் அம்மா பலம்கொண்ட மட்டும் இழுத்ததில், நான் புகழ்ந்தேனே அந்தக் கைப்பிடி, அது கையோடு வந்துவிட்டது. மல்லாந்து விழுந்துவிட்டார். கதவுக்குப் பின்னாலேயே கிடந்ததால் இடித்துத் திறக்கவும் வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் கம்பியை அறுத்து உள்ளே போகும்வரை அவர் தரையிலேயே கிடந்திருக்கிறார். இடுப்பில் அடி, எலும்பு தப்பியது.

அடுத்த நாள் நர்ஸ் கடைக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன், மாதிரி என்றுதானே சொன்னேன் என்று. எனக்கு முன்னால் அவளே அதைச் சொல்லிவிட்டாள். "நீங்க மாதிரின்னுதான் சொன்னீங்கம்மா, நான்தான் சரியாக் காதுல வாங்கல. இழைச்சுக் குடுக்க ஆள் அனுப்புவீங்களா, கூலி குடுத்துடறேன்" என்றாள். அவள் திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன், பதிலுக்குப் பதில் பேசுவது எனக்குக் கைவந்த கலை. மன்னிப்புக் கேட்கிறவளிடம் என்னத்தைப் பேசுவது? "உன் காது நல்லாத்தான் இருக்கும்மா. உனக்கு அப்படிக் கேக்கணும்னுதான் நான் அப்படிச் சொன்னேன்" என்றேன். சோபாவில் குறட்டை நின்றது.

புதிதாகத் தேக்குக் கதவு செய்ய நாளாகும், மழை அதுவரை காத்திருக்காது. எனக்குத் தெரிந்து உடனே கழற்றக்கூடிய அசல் தேக்குக் கதவு நம் வீட்டு வாசல் கதவுதான். அதை நாங்கள் வேறு கடையில் வாங்கினோம் என்பதை உன் வகுப்பில் சொல்லாதே, அல்லது சொல். ஆணி அதைக் கழற்றி, கீலை மாற்றிப் பொருத்தி, சாயங்காலத்துக்குள் அங்கே மாட்டிவிட்டார். நீ பள்ளி நாளில் ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்ட முடியாமல் அதுவும் கூடவே போயிற்று. மாட்டும்போது அவர் பழக்கதோஷத்தில், "இது தேக்கா, மாதிரியா?" என்று அவள் எதிரிலேயே கேட்டுவிட்டார். தேக்கு என்றேன். பின்னால் எதுவும் ஒட்டாமல் அந்தச் சொல் வாயிலிருந்து வந்தது எனக்கே புதிதாக இருந்தது.

இப்போது கடையில் ஒவ்வொரு சாமானிலும் அதன் மரத்தின் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் நின்று படிக்கிறார்கள், அப்புறம் வருகிறோம் என்று போகிறார்கள். வியாபாரம் மாதிரி ஏதோ நடக்கிறது. மழைச் சத்தம் கேட்டால் இதற்கு முன் கதவு வாங்கிப் போனவர்களின் முகம் வரிசையாக வருகிறது, அதிலும் வயதானவர்கள் முகம். ஒருத்திக்கு மாற்றிக் கொடுத்ததில் அவர்கள் கதவெல்லாம் தேக்காகிவிடவில்லை. ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லப் போகிறேன். அப்பாவும் துணைக்கு வருகிறேன் என்கிறார், முழங்கால் இன்னும் சம்மதிக்கவில்லை.

என்னைப் பற்றி வகுப்பில் சொன்னதைத் திருத்திச் சொல்லிவிடு. அன்று கை தட்டினவர்களுக்கு இதுதான் அதிகம் உபயோகப்படும். நீங்கள் இருவரும் உடம்பும் மனசும் சுகமாக, உங்களைப் பற்றி நீங்களே யாரிடமும் திருத்திச் சொல்ல வேண்டிய நிலை வராமல், நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று. நர்ஸ் வீட்டிலிருந்து கழற்றிய கதவு இப்போது நம் வாசலில் இருக்கிறது. மழை நாளில் வந்தால், தட்டியும் திறக்கவில்லையே, யாரும் இல்லை போல என்று திரும்பிவிடாதே. உள்ளேதான் இருப்போம். எங்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, தோளைக் கொடுத்துத் தள்ளு.

இப்படிக்கு,
உன் அம்மா